சத்தம் முதலில் வரும்

ஆகஸ்ட் 9, 2022, செவ்வாய்

ஆப்பிரிக்கா என்றதும் வீட்டில் ஆளுக்கொன்றாக எடுத்துவைத்தார்கள். பருத்திச் சட்டை, தொப்பி, குடை, வியர்க்குரு பவுடர். மடகாஸ்கரின் தலைநகர் அண்டனானரீவோவில் இறங்கியபோது பகல் மூன்று மணி. விமானப் படியிலிருந்து கட்டடத்துக்குள் போவதற்குள் காது மடல் சில்லிட்டுவிட்டது. பூமத்தியரேகைக்குத் தெற்கே ஆகஸ்ட் குளிர்காலம் என்பது பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். ஊர் 1,280 மீட்டர் உயரத்தில், ஏற்காட்டுக்குக் கொஞ்சம் கீழே இருக்கிறது என்பதுதான் தெரியாது.

பெட்டி வரவில்லை. பெல்ட் சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் நானும், ஒரு பிரெஞ்சுத் தாத்தா பாட்டியும், யாரும் எடுக்காத ஒரு அட்டைப்பெட்டியும் மிச்சம். கவுண்டரில் இருந்தவர் என்னிடம் ஒரு படிவம் எழுதி வாங்கிக்கொண்டு, “நாளைக்கு வந்துரும்” என்றார். அவர் சொன்ன தோரணையிலேயே அது வராது என்று தெரிந்துவிட்டது. தோளில் மாட்டியிருந்த பையில் லேப்டாப், அளவு நாடா, ஒரு மாற்றுச் சட்டை. அவ்வளவுதான் ஆறு நாளைக்கு.

நான் திருப்பூரில் பின்னலாடை செக்கிங் வேலை. பையர் சார்பில் இங்கே ஒரு தொழிற்சாலையில் குழந்தைகள் உடுப்புச் சரக்கைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். அழைத்துப்போக வந்த ஓட்டுநருக்கு இருபத்தைந்து வயதிருக்கும். இங்கிலீஷ் என்னைவிட நன்றாகப் பேசினார். என் வயதைக் கேட்டார். சொன்னதும் “அப்போ நீங்க ஸூகி” என்றார். மூத்த பிறப்புக்கு ஸூகி, இளையவருக்கு ஸன்ட்ரி. கூடப் பிறக்காதவரையும் அப்படித்தான் கூப்பிடுவார்களாம். அண்ணனா தம்பியா என்று தெரியாமல் பேச்சையே ஆரம்பிக்க முடியாத ஊரிலிருந்து வருகிறவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அந்த நிமிடத்திலிருந்து அவர் எனக்குத் தம்பி.

விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வரும் வழியெல்லாம் வயல். அறுவடை முடிந்து காய்ந்து கிடந்தது. அந்த வயல் மண்ணையே வெட்டிச் செங்கல் அறுத்து, அங்கேயே சூளை போட்டிருக்கிறார்கள். மழை வந்ததும் மறுபடி நெல்லாம். நடுவில் ஒரு பெரிய தட்டியில் கூடைப்பந்தும் கொடிகளுமாக ஒரு படம். “ஆப்பிரிக்கா முழுக்க இருந்து பசங்க வந்திருக்காங்க, ஸூகி” என்றார் தம்பி. 18 வயதுக்குட்பட்டோர் கூடைப்பந்து, ஆண்கள் பெண்கள் இரண்டும் இதே ஊரில், 4-ஆம் தேதி ஆரம்பித்தது, 14-ஆம் தேதி இறுதி ஆட்டம். நான் கோவில்பட்டிக்காரன். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஹாக்கி. “அப்படியா” என்று சொல்லிவிட்டு ஜன்னலை ஏற்றிவிட்டேன்.

ஆகஸ்ட் 10, புதன்

இரவெல்லாம் தூக்கமில்லை. விடுதி அறையில் ஹீட்டர் கிடையாது. இரண்டு துண்டையும் கம்பளிக்கு மேல் போட்டுக்கொண்டு படுத்தேன். ஆறு மணிக்கே எழுந்து, சூடாக எதையாவது குடிக்கலாம் என்று தெருவுக்கு வந்தால், மூலையில் ஒரு பாட்டி கரி அடுப்பில் பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தார்.

பணியாரமேதான். குழிக் கல், அரிசி மாவு, குச்சியால் திருப்பிப் போடுகிற லாகவம் உட்பட. கொஞ்சம் தித்திப்பு. மோஃபோ கசி என்று எழுதுகிறார்கள். சொல்வது மூஃபு கசி. இவர்கள் மொழியில் ஓ என்று எழுதியதெல்லாம் வாயில் ஊ ஆகிவிடுகிறது. ‘மலகாசி ரொட்டி’ என்று அர்த்தமாம். ரொட்டிக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. செட்டிநாட்டுப் பக்கம் யாரிடமாவது கொடுத்துப் பார்த்தால் “வெல்லம் கம்மி” என்பார்கள், அவ்வளவுதான்.

நான்கு பணியாரம், ஒரு சின்னக் கோப்பை கடுங்காப்பி. எவ்வளவு என்று விரலால் கேட்டேன். “டிமி அரிவு” என்றார். அரிவு என்றால் ஆயிரம் என்று தெரியும். ஊர்ப் பெயரின் கடைசியில் இருப்பதே அதுதான், அண்டனானரீவோ என்றால் ஆயிரம் பேரின் ஊர். டிமிக்கு ஐந்து விரலைக் காட்டினார். அதாவது ஐயாயிரம் அரியாரி. ஐம்பதால் வகுத்தால் நூறு ரூபாய். தெருவோரப் பணியாரத்துக்கு இது கொஞ்சம் ஓவர், ஆனால் இந்தக் குளிரில் பேரம் பேசத் தெம்பில்லை. நோட்டை நீட்டினேன். பாட்டி அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சுருக்குப் பையைத் திறந்து நாலாயிரத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

எனக்குப் புரியவில்லை. வேலைக்குப் போகும் வழியில் தம்பியிடம் சொன்னேன். அவர் ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தார். 2005 வரை இங்கே பிராங்க்தான் பணம். ஐந்து பிராங்க் ஓர் அரியாரி என்று மாற்றிவிட்டார்கள். சின்ன வயதுக்காரர்கள் அரியாரியில் விலை சொல்வார்கள், பெரியவர்கள் இன்னும் பிராங்கிலேயே சொல்வார்கள். பாட்டி கேட்டது ஐயாயிரம் பிராங்க், அதாவது ஆயிரம் அரியாரி. இருபது ரூபாய். காலணாவும் அரையணாவும் எங்கள் ஆச்சி வாயிலிருந்து போகவே இல்லை, அந்தக் கதைதான். ஆனால் வெளியூர்க்காரன் தானாக ஐந்து மடங்கு நீட்டும்போது திருப்பிக் கொடுக்கிற கை எல்லா ஊரிலும் இருக்காது.

மதியச் சாப்பாடு தொழிற்சாலை எதிரே உள்ள கடையில். சாப்பாட்டுக் கடையை இங்கே ஓட்டெலி என்கிறார்கள், தங்க இடமெல்லாம் கிடையாது. சோறுதான் சாப்பாடு. காலை, மதியம், இரவு மூன்று வேளையும் சோறு. அதோடு தொட்டுக்கொள்வது இறைச்சியோ பீன்ஸோ கீரையோ எதுவானாலும் அதற்கு ஒரே சொல்: லௌகா. எங்கள் பக்கம் வெஞ்சனம் என்போம், அதே பொருள், அதே அலட்சியம். சோறு நிஜம், மற்றதெல்லாம் துணை. இன்றைக்கு மரவள்ளி இலையை இடித்துப் பன்றி இறைச்சியோடு வேகவைத்தது. பார்க்கக் கறுப்பாக, களிம்பு மாதிரி இருந்தது. ஒரு வாய் வைத்ததும் பார்வையை மறந்தேன். கடைசியில் ஒரு கூஜாவில் வெந்நீர் கொண்டுவந்து வைத்தார்கள், தேன் நிறத்தில். சோறு அடிப்பிடித்த பானையில் அப்படியே தண்ணீரை ஊற்றிக் கொதிக்கவைத்தது. காந்தல் வாசனை. வீட்டில் அடிப்பிடித்தால் அம்மா திட்டு வாங்குவாள். இங்கே அதற்கு ‘தங்க நீர்’ என்று பெயர் வேறு. சிலர் ‘வெள்ளி நீர்’ என்று மொழிபெயர்த்தார்கள். மேசையில் அது ஒரு சின்னச் சண்டையாக ஓடியது. நான் இரண்டு கோப்பை குடித்தேன்.

ஆகஸ்ட் 11, வியாழன்

பெட்டி வரவில்லை. மத்தியானம் அரை நாள் லீவு கேட்டுக்கொண்டு ஸ்வெட்டர் வாங்கக் கிளம்பினேன். மஹமசீனாவில் வியாழக்கிழமைச் சந்தை. அனோசி ஏரிக்குப் பக்கம். ஏரி நடுவில், முதல் உலகப் போரில் செத்தவர்களுக்காகச் சிறகோடு ஒரு சிலை நிற்கிறது. மஹமசீனா என்றால் ‘புனிதமாக்குவது’ என்றார் தம்பி. இன்றைக்கு அங்கே புனிதமாக இருந்தது தக்காளி, பிளாஸ்டிக் வாளி, செருப்பு, மலைமலையாகப் பழைய துணி.

வெளிநாட்டிலிருந்து மூட்டையாக வரும் பழைய உடுப்புகள். தரையில் கொட்டி வைத்திருக்கிறார்கள், குனிந்து கிளறி எடுக்க வேண்டியதுதான். சாம்பல் நிறத்தில் ஒன்று பிடித்தது. பழக்கதோஷம், முதலில் உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்த்தேன். கழுத்துப் பட்டையில் மூன்று கண்ணி விட்டுப்போயிருந்தது. நம் டேபிளுக்கு வந்திருந்தால் ரிஜெக்ட். விற்கிற பெண் 15,000 என்றாள். விட்டுப்போன கண்ணியைக் காட்டினேன். அவள் அதற்குள் விரலை விட்டு ஆட்டிக் காட்டி, காற்று வர நல்லது என்கிற மாதிரி ஏதோ சொன்னாள். 12,000-க்கு முடிந்தது. போட்ட நிமிடம் உடம்பு அதைத் தன்னுடையதாக்கிக்கொண்டது. அதற்குப் பிறகு கழற்றவே இல்லை.

பக்கத்துக் குவியலில் நெடுநெடுவென்று ஐந்தாறு பெண் பிள்ளைகள். டிராக் சூட், முதுகில் மாலி என்று எழுதியிருந்தது. மாலியின் தலைநகர் பமாகோ வெயிலில் வளர்ந்த பிள்ளைகள், இந்தக் குளிரில் கைகளை அக்குளில் வைத்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்திக்குக் கம்பளிக் குல்லாய் வேண்டும். பின்னிப் பின்னி உச்சியில் முடிந்த கூந்தல், எந்தக் குல்லாயும் இறங்க மாட்டேன் என்கிறது. கடைக்காரர் குல்லாயைத் தன் முட்டியில் மாட்டி இரண்டு கையாலும் இழுத்து இழுத்துப் பெரிதாக்கினார். மற்றவர்கள் சுற்றி நின்று, ஒவ்வோர் இழுப்புக்கும் கணக்குச் சொன்னார்கள். கடைசியில் அது தலையில் ஏறியது, கூந்தல் முடிச்சு உள்ளே ஒரு தேங்காய் மாதிரி உட்கார்ந்திருக்க. கைதட்டல்.

இந்தப் பிள்ளைகளைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம் என்றார் தம்பி. அவருக்கு எல்லாம் மனப்பாடம். போன வருடம் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் மாலிப் பெண்கள் அரையிறுதி வரை போய் நான்காம் இடம். 2019-இல் அவர்கள் ஊர்ப் பையன்கள் அதே வயது உலகக் கோப்பையில் இறுதி ஆட்டத்துக்கே போய் அமெரிக்காவிடம் தோற்றார்கள். “இங்க முதல் ரெண்டு இடம் வந்தா அடுத்த வருஷம் உலகக் கோப்பை. பசங்களுக்கு ஹங்கேரி, பொண்ணுங்களுக்கு ஸ்பெயின்.” பதினாறு அணிகள் ஆடும் கோப்பை அது. மடகாஸ்கர் ஒருமுறைகூடப் போனதில்லை.

சந்தைக்கு அடுத்தாற்போலத்தான் விளையாட்டரங்கம். வாசலில் இருந்த காவலாளியிடம் தம்பி இரண்டு வார்த்தை பேசினார், உள்ளே விட்டார். ஆட்டம் ஏதும் நடக்கவில்லை. எகிப்துப் பையன்கள் கூடையில் பந்து போட்டுப் பழகிக்கொண்டிருந்தார்கள். பேச்சே இல்லை. கோட்டில் நிற்பது, மூச்சை விடுவது, எறிவது. ஒரு பையனை எண்ண ஆரம்பித்தேன். பதினேழு தடவை வலை மட்டுமே அசைந்தது. பதினெட்டாவது வளையத்தின் விளிம்பில் தட்டி வெளியே விழுந்தது. அவன் முகம் மாறவில்லை. மறுபடி முதலிலிருந்து. ஓரத்தில் உள்ளூர்ச் சிறுவர்கள் நான்கு பேர் நீள மாப்போடு நின்று, வியர்வைத் துளி விழுந்த இடத்தையெல்லாம் ஓடி ஓடித் துடைத்தார்கள். வியர்க்கிற மனிதர்களை இந்த ஊரில் முதன்முதலாக அங்கேதான் பார்த்தேன்.

2011-இல் பெரியவர்களுக்கான ஆப்பிரிக்கக் கோப்பையும் இதே ஊரில்தான் நடந்தது, துனீசியா அங்கோலாவை வென்றது, அப்போது தனக்குப் பதினான்கு வயது என்றார் தம்பி. அதன் பிறகு அவர் தெருவில் எல்லாச் சுவரிலும் வளையம் முளைத்ததாம். திரும்பும்போது எண்ணிக்கொண்டே வந்தேன். ஒரு பிளாஸ்டிக் வாளியின் அடியை வெட்டி ஆணியடித்தது உட்பட ஒன்பது.

ஆகஸ்ட் 12, வெள்ளி

முழுநாள் வேலை. எழுதுவதற்கு ஒன்றுமில்லை, ஒரு டாக்ஸியைத் தவிர. தம்பிக்கு வேறு வேலை இருந்ததால் சாயங்காலம் தெருவில் ஒன்றைப் பிடித்தேன். அரை நூற்றாண்டு வயதிருக்கும் பிரெஞ்சுக் கார், பால்கோவா நிறம். பெட்ரோல் டேங்க் எங்கே என்றால், ஓட்டுநர் காலடியில் ஒரு பிளாஸ்டிக் பாட்டில், அதிலிருந்து ஒரு குழாய் எஞ்சினுக்குப் போகிறது. ஏறியதும் முதல் வேலையாக பங்க்குக்குப் போய் என் வாடகைப் பணத்தில் ஒரு லிட்டர் வாங்கி ஊற்றிக்கொண்டார். இறக்கம் வந்தால் எஞ்சினை அணைத்துவிடுகிறார். ஊரே மேடும் பள்ளமும் என்பதால் பாதி வழி சத்தமில்லாமல் சறுக்கிக்கொண்டே வந்தோம். மீதிப் பாதி நெரிசல். ஒன்பது கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரம், 20,000 அரியாரி. பாட்டிலில் கடைசியாக ஒரு விரற்கடை மிச்சமிருந்தது. அதையும் தன்னைவிட நான்தான் அதிகம் பார்த்துக்கொண்டு வந்தேன் என்று ஓட்டுநர் நினைத்திருப்பார்.

பெட்டி: “நாளைக்கு.”

ஆகஸ்ட் 13, சனி

காலையில் அனலகேலிப் படிக்கட்டு ஏறினேன். பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள் என்று விடுதியில், தெருவில், படிக்கட்டில் என்று மூன்று பேர் தனித்தனியாகச் சொன்னார்கள். மூன்றாவது ஆள் சொல்லும்போது பையில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டேன், இருந்தது. மேலே இருந்து பார்த்தால் செங்கல் நிற வீடுகள் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்கின்றன. உச்சியில், 1995-இல் எரிந்துபோன ராணி அரண்மனை. வாழையிலையில் சுற்றி வேகவைத்த கூபா வாங்கித் தின்றேன். அரிசி மாவு, வேர்க்கடலை, வாழைப்பழம், கனமான கடலை மிட்டாய் மாதிரி. ஒரு துண்டு தின்றால் மத்தியானம் பசிக்காது.

அங்கேதான் ஒருவன் வந்தான். கூடைப்பந்து டிக்கெட், இறுதி ஆட்டம், கடைசி இரண்டு. சட்டைப் பைக்குள்ளிருந்து அரைவாசி காட்டினான். பத்தாயிரம் என்றான். நியாயமான விலைதான் என்று தோன்றியது. தோன்றியிருக்கக் கூடாது. வாங்கிக்கொண்டேன்.

இரவு தம்பி போன் செய்தார். குரலே வேறாக இருந்தது. “ஸூகி, அந்த டிக்கெட்டைப் பத்திரமா வெச்சுக்கோங்க. நாளைக்கு நம்ம பசங்களுக்கும் எகிப்துக்கும்.” இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டதால் ஹங்கேரிக்குப் போவதும் உறுதி. நாளைக்குத் தோற்றாலும் போகலாம். “தோத்தாலும்னு எதுக்குச் சொல்றீங்க” என்று நான்தான் அவரைக் கடிந்துகொண்டேன். நான்கு நாள் முன்பு ஜன்னலை ஏற்றிவிட்டவன்.

ஆகஸ்ட் 14, ஞாயிறு

அரங்க வாசலில் கூட்டம் தெருவரை நின்றது. ஒரு மணி நேரம் வரிசை. என் முறை வந்தது. வியாழக்கிழமை உள்ளே விட்ட அதே காவலாளி. டிக்கெட்டை வாங்கினார், படித்தார், இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். “அஸஃபாடி, தும்ப்கு.” மன்னிக்கணுங்க. அந்தத் தும்ப்குவில் நம்முடைய ‘ங்க’ அப்படியே இருக்கிறது. டிக்கெட்டில் தேதி தெளிவாக அச்சாகியிருந்தது. 13, சனி. நேற்றைய டிக்கெட். ஆயிரக்கணக்கில் பீஸ் பார்த்து ஒரு நூல் பிசிறைக் கண்டுபிடிக்கிறவன், கையிலிருந்த சீட்டில் தேதி பார்க்கவில்லை. தம்பிக்கு உள்ளே இடமிருந்தது, ஆனால் என்னைத் தனியே விட மாட்டேன் என்று தன் டிக்கெட்டை வரிசையில் அழுதுகொண்டிருந்த ஒரு பள்ளிக்கூடப் பையனிடம் கொடுத்துவிட்டார். நான் தடுத்தேன். சரியாகத் தடுக்கவில்லையோ என்று இப்போது தோன்றுகிறது.

எதிர்ச் சந்தில் ஓர் ஓட்டெலி. தகரக் கூரை, இரண்டு பெஞ்சு. கடைக்கார அம்மாவை எல்லோரும் நேனி என்று கூப்பிட்டார்கள், அம்மா என்று அர்த்தம். அவர் மகன் போனை மிளகாய் விழுது பாட்டிலில் சாய்த்து யூடியூபில் நேரலை போட்டிருந்தான். அந்த உள்ளங்கை அகலத் திரையைச் சுற்றிப் பன்னிரண்டு பேர். டாக்ஸி ஓட்டுநர்கள், வெள்ளை உடுப்பில் தேவாலயத்திலிருந்து நேராக வந்த இரண்டு பெண்கள், வைக்கோல் தொப்பியும் தோளில் போர்வையுமாக ஒரு பெரியவர். எனக்கு இடம் விட்டு நகர்ந்தார்கள். பின்னால் வந்தவர்கள் எங்கள் முன்னால் கடக்கும்போதெல்லாம் முதுகை வளைத்து வலது கையைத் தரையை நோக்கி நீட்டிக்கொண்டே போனார்கள். பார்வையை மறைப்பதற்கு மன்னிப்பு. அத்தனை நெருக்கடியிலும் ஒருவரும் அதை விடவில்லை.

ஆட்டம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில்தான் விஷயம் புரிந்தது. நேரலை அரை நிமிடம் பின்தங்கி வருகிறது. ஆனால் அரங்கம் இருப்பது நாற்பது அடி தூரத்தில். உள்ளே பந்து கூடையில் விழுந்தால் கூட்டத்தின் இரைச்சல் சுவரைத் தாண்டி முதலில் எங்களிடம் வந்துவிடும். எங்கள் திரையில் அந்தப் பையன் அப்போதுதான் பந்தைத் தட்டிக்கொண்டு நடுக்கோட்டைத் தாண்டியிருப்பான். விழப்போகிறது என்று எங்களுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. அவன் தயங்குவான், பக்கத்தில் இருப்பவனுக்குக் கொடுப்பான், திரும்ப வாங்குவான். நாங்கள் பன்னிரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு காத்திருப்போம். எறிவான். விழும். அப்புறம் நாங்கள் கத்துவோம், ஏற்கெனவே தெரிந்த விஷயத்துக்கு முதல்முறை மாதிரி.

எகிப்து போட்டால் சத்தமே வராது. உள்ளே ஒரு பள்ளம் விழுந்த மாதிரி எல்லாம் அடங்கும். அதுவும் எங்களுக்கு முன்கூட்டியே வந்துவிடும். திரையில் நம் பையன்கள் நன்றாகத்தான் மறித்துக்கொண்டிருப்பார்கள், ஆனால் மறித்துப் பயனில்லை என்று எங்களுக்குத் தெரியும். அதுதான் கொடுமை. சிவப்புக் கண்ணோடு தம்பி, “மூடிடு, காதை மூடிக்கிட்டுப் பார்க்கலாம்” என்றார். கொஞ்ச நேரம் எல்லோரும் நிஜமாகவே காதில் விரல் வைத்துப் பார்த்தோம். பெரியவர் மட்டும் மாட்டேன் என்றுவிட்டார். அவர் திரையையே பார்க்கவில்லை. தலையைச் சாய்த்து அரங்கச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவ்வப்போது ஒரு விரல் நீட்டுவார் அல்லது கையை விரிப்பார். அரை நிமிடம் கழித்துத் திரை அவர் சொன்னதைச் செய்யும்.

வியாழக்கிழமை பார்த்த அந்தப் பையன் கோட்டில் வந்து நின்றான் என்று நினைக்கிறேன், அத்தனை சிறிய திரையில் முகம் தெரியாது. ஆனால் மூச்சை விட்ட விதம் தெரிந்தது. நான் மட்டும் அது விழும் என்று சுவரைக் கேட்காமலே சொன்னேன்.

கடைசிப் பகுதியில் படம் நின்று வட்டம் சுற்ற ஆரம்பித்தது. நேனியின் மகன் போனைத் தட்டினான், தூக்கிப் பிடித்தான். டேட்டா தீர்ந்துவிட்டது. ரீசார்ஜ் விற்கிற குடைக்காரர் ஞாயிற்றுக்கிழமை வருவதில்லை. தம்பி போனில் சார்ஜ் இல்லை, என்னுடையதில் உள்ளூர் சிம் இல்லை. ஒரு நிமிடம் ஆளாளுக்குக் கத்தினார்கள். பிறகு பெரியவர் ஏதோ சொன்னார், எல்லோரும் அடங்கி அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்கள். பன்னிரண்டு பேரும் ஒரு சுவரைப் பார்த்துக்கொண்டு.

அப்படித்தான் மீதி ஆட்டத்தைப் பார்த்தோம். “அலேஃபா! அலேஃபா!” என்று உள்ளே எழும்பும்போது யாரோ பந்தோடு ஓடுகிறான். சட்டென்று அறுந்தால் பந்து பறிபோயிற்று. ஒரு விசில். நீண்ட முணுமுணுப்பு. இரண்டு சின்னக் கைதட்டல் இடைவெளி விட்டு வந்தால், கோட்டில் நின்று இரண்டும் போட்டான். நேனி சோற்றுப் பானையைக் கரண்டியால் சுரண்டினார், எல்லோரும் ஒரே நேரத்தில் உஷ் என்றார்கள். அவர் கரண்டியை ஓசைப்படாமல் கீழே வைத்தார். எண் எதுவும் தெரியாது, நேரம் தெரியாது. சத்தத்துக்கும் சத்தத்துக்கும் நடுவே மௌனம் நீண்டுகொண்டே போவது மட்டும் தெரிந்தது. யாரும் அதைச் சொல்லவில்லை.

பிறகு ஒரு நீண்ட ஹாரன். அதற்குப் பின் இரைச்சல் இல்லை. கைதட்டல் மட்டும், சீராக, மழை மாதிரி, நிற்கவே இல்லை. பெரியவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்து ஒரு வாக்கியம் சொன்னார். தம்பி மொழிபெயர்த்தார்: “முடிஞ்சுது. எகிப்து. ஆனா யாரும் எந்திரிச்சுப் போகலையாம்.”

வாசலில் கெடுபிடி தளர்ந்திருந்தது. காவலாளி என்னைப் பார்த்ததும் கையை அசைத்துக் கூப்பிட்டார். உள்ளே நுழைந்ததும் முதலில் தாக்கியது சூடு. ஆறு நாளில் இந்த ஊரில் நான் நுழைந்த முதல் கதகதப்பான இடம், அத்தனை ஆயிரம் பேரின் மூச்சு. எகிப்துப் பையன்கள் கொடியைப் போர்த்திக்கொண்டு குதித்தார்கள். அன்றைக்கு இறுகிக் கிடந்த முகங்களா இவை என்றிருந்தது. இந்தப் பக்கம் மடகாஸ்கர்ப் பையன்கள். ஒருவன் பெஞ்சு ஓரத்தில் குனிந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தான். கட்டி முடித்தான். அவிழ்த்தான். மறுபடி கட்டினான். பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், நிமிரவில்லை. மாப்போடு நின்ற சிறுவர்களில் ஒருவன் போய் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். எதுவும் பேசவில்லை. தன் ஷூ நாடாவை அவனும் அவிழ்த்துக் கட்ட ஆரம்பித்தான். அப்போதுதான் பெரியவன் சிரித்து எழுந்தான்.

பெண்கள் கோப்பை மாலிக்கு, எகிப்துப் பெண்களைத் தாண்டி. தம்பிதான் சொன்னார். சந்தையில் இழுத்துப் பெரிதாக்கின அந்தக் குல்லாயும் பமாகோவுக்குப் போகும். அங்கே அதற்கு என்ன வேலை என்று தெரியவில்லை.

கடைக்குத் திரும்பி வந்து கணக்குக் கேட்டேன். நான்கு காப்பி, ஆறு சமோசா, கூபா. சமோசா வடநாட்டு வியாபாரிகளோடு கப்பலேறி வந்தது, இங்கே சம்பூஸ் ஆகிவிட்டது. நேனி விரலால் எண்ணி “ரூபுலு அரிவு” என்றார். இருபதாயிரம். நான் கொஞ்சம்கூட யோசிக்காமல் நாலாயிரத்தை எடுத்துக் கொடுத்தேன். சரியாக இருந்தது.

ஆகஸ்ட் 15, திங்கள்

மாதா விண்ணேற்பு நாள், இங்கே அரசு விடுமுறை. கடைகளெல்லாம் அடைப்பு. பணியாரப் பாட்டியும் வரவில்லை, வெறும் வயிற்றோடு கிளம்பினேன். தம்பி வழியெல்லாம் நேற்றைய ஆட்டத்தைத் திரும்ப ஆடிக் காட்டினார். இரவே முழு வீடியோவையும் பார்த்துவிட்டாராம். “சுவர்ல கேட்ட அளவுக்கு நல்லா இல்ல ஸூகி” என்றார்.

விமான நிலையத்தில் பெட்டி எனக்காகக் காத்திருந்தது. இன்று காலைதான் வந்ததாம். அதே ஆள், அதே படிவம். திரும்பும் விமானத்தில் ஏற்றுவதற்கு முன் சுங்கத்தில் திறக்கச் சொன்னார்கள். ஆறு நாளைக்குப் பிறகு என் பெட்டியை அப்போதுதான் திறக்கிறேன். இஸ்திரி கலையாத பருத்திச் சட்டைகள், தொப்பி, குடை. எல்லாவற்றுக்கும் மேலே வியர்க்குரு பவுடர் டப்பா. அதிகாரி அதை எடுத்து ஆட்டிப் பார்த்தார், முகர்ந்தார். என்ன இது என்று கேட்டார்.

வெயிலுக்கு, என்றேன். நெற்றியைத் துடைத்துக் காட்டினேன்.

அவர் என் ஸ்வெட்டரை மேலிருந்து கீழே பார்த்தார். கழுத்தில் விட்டுப்போன கண்ணிகளிடம் கொஞ்சம் நின்றார். பிறகு டப்பாவை எடுத்த இடத்திலேயே வைத்துப் பெட்டியை மூடினார்.